கையை அசைப்பது மின்சாரம் அல்ல

கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் அடிபட்டவர் ஒரு டம்ளரை எடுப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? விரல்கள் மடங்காது. ஆனால் மணிக்கட்டைப் பின்னால் வளைத்தால் தசைநார்கள் இழுபட்டு, விரல்கள் தாமாகவே கொஞ்சம் மூடிக்கொள்ளும். அந்தச் சின்னப் பிடியை வைத்துத்தான் பலர் அன்றாடப் பொழுதை ஓட்டுகிறார்கள். நடப்பதைவிட முதலில் கை திரும்பினால் போதும் என்று அவர்களில் பலர் சொல்வது எனக்கு வியப்பாக இல்லை.

அடிபட்ட தண்டுவடம் பெரும்பாலும் முழுதாக அறுந்துபோவதில்லை. சில நரம்பிழைகள் தப்பியிருக்கும். மூளையின் கட்டளை அவற்றின் வழியே கீழே வரத்தான் செய்கிறது. கையை இயக்கும் நரம்பணுக்களை எழுப்பும் அளவுக்கு அதற்கு வலு இல்லை, அவ்வளவுதான்.

மின்தூண்டல் கைகொடுப்பது இங்கேதான். அறுவை சிகிச்சை தேவையில்லை; பின்கழுத்தின் தோலில் எலக்ட்ரோடுகளை ஒட்டுகிறார்கள். நொடிக்குச் சுமார் 30 துடிப்புகள். மின்சாரம் முக்கியமாகத் தொடுவது தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்புகளை. அவை ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பதால் இயக்க நரம்பணுக்கள் விழிப்பு நிலைக்கு வருகின்றன. விளிம்புவரை நிறைந்த குடம் ஒரு சொட்டிலேயே வழிந்துவிடும் இல்லையா, அதுபோல மூளையிலிருந்து வரும் மெலிந்த கட்டளையே அப்புறம் போதுமானதாகிவிடுகிறது.

தசையை நேரடியாகத் தூண்டிச் சுருங்கவைக்கும் பழைய முறை வேறு. அங்கே விரலை மடக்குவது மின்சாரம். இங்கே மடக்குபவர் அந்த மனிதரே. அதனால்தான் மின்சாரத்தை ஓடவிட்டுவிட்டுச் சும்மா படுத்திருந்தால் பெரிதாகப் பலன் கிடைக்காது. சிறு பொருள்களைக் கிள்ளி எடுப்பது, பிடித்து வைப்பது என்று பயிற்சி கூடவே நடக்க வேண்டும்.

2024இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான அப்-லிஃப்ட் ஆய்வில் 60 பேர் முதல் 2 மாதம் பயிற்சி மட்டும் செய்தார்கள். அடுத்த 2 மாதம் அதோடு மின்தூண்டலும் சேர்ந்தது. 72 சதவீதம் பேருக்குக் கையின் வலு, செயல்பாடு இரண்டுமே கூடின. அடிபட்டு 34 ஆண்டுகள் ஆனவர்கள் வரை அதில் இருந்தார்கள்! தனி ஒப்பீட்டுக் குழு இல்லாதது ஆய்வின் குறைதான். ஒவ்வொருவரையும் அவரவர் முந்தைய நிலையோடுதான் ஒப்பிட்டார்கள். ஆனாலும், ஓராண்டுக்குப் பிறகு முன்னேற்றம் வராது என்று கேட்டுக் கேட்டு நம்பிக்கை இழந்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. அந்த ஆண்டு டிசம்பரில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, ஆய்வில் பயன்பட்ட மின்தூண்டல் கருவிக்கு அனுமதி தந்தது.

என்னை இன்னும் அதிகமாக ஈர்ப்பது 2021இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 6 பேரிடம் செய்த சிறிய ஆய்வு. தூண்டலை நிறுத்தி 3 முதல் 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும், கைக்குத் திரும்பியிருந்த வலு குறையாமல் இருந்தது.