சாயத்தைப் பார்த்துத் தேயிலை வாங்காதீர்கள்

போன கிழமை களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு அம்மா வந்தார். கையில் 100 கிராம் பைகள் பன்னிரண்டு. ஏலம், கராம்பு, கறுவா, காய்ந்த இஞ்சி எல்லாம் இடித்துத் தானே கலந்த மசாலாத் தேயிலை. இரண்டு கடைகள் திருப்பி அனுப்பிவிட்டனவாம். “சாயம் நல்லாத்தான் இறங்குது மனே, ஆனா குடிச்சவங்க ரெண்டாந்தரம் கேக்கிறாங்க இல்ல” என்றார்.

இந்த மாதம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாமவர். மூன்று பேரும் சொன்ன முதல் சொல் சாயம். கொழும்பில் தேயிலை ருசி பார்க்கும் மேசையில் பதினொரு வருடம் நின்றுவிட்டு ஊருக்கு வந்தவன் நான். இந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு கண்ணாடிக் கிளாசில் பச்சைத் தண்ணீர் எடுத்து, அவருடைய தூளில் ஒரு சிட்டிகை தூவினேன். தூள் மிதந்துகொண்டிருக்கும்போதே அதன் அடியில் இருந்து செம்பழுப்பு நூல் நூலாக இறங்கத் தொடங்கியது. பத்து எண்ணுவதற்குள் பாதிக் கிளாஸ் நிறம் மாறிவிட்டது. பக்கத்துக் கிளாசில் என்னிடமிருந்த, மலைநாட்டுத் திம்புளைத் தேயிலையைப் போட்டேன். அதுவும் நிறம் விடும், ஆனால் ஆறுதலாக. அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்ல சாயம் விடும்” என்று சொல்லித்தான் கிலோக் கணக்கில் அவருக்கு விற்றிருக்கிறார்கள்.

பச்சைத் தண்ணீரில் அவ்வளவு வேகமாக இறங்கினால், அது சேர்த்த நிறமோ என்று சந்தேகப்பட வேண்டும். கழிவுத் தேயிலையில் சீனியையும் இரும்புச் சல்பேற்றையும் சேர்த்துக் கறுக்க வைப்பது இந்த நாட்டில் புதிய விசயம் இல்லை. நீங்கள் கறுப்பைக் கேட்கிறீர்கள், அவர்கள் கறுப்பைத் தருகிறார்கள்.

கலப்படமே இல்லாவிட்டாலும் நிறம் தரத்தைச் சொல்லாது. நம்முடைய தண்ணீரையே எடுங்கள். கல்லடிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் உன்னிச்சைக் குளத்தில் இருந்து வருகிற குழாய்த் தண்ணீரிலும் ஒரே தேயிலையை ஊற்றிப் பார்த்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் கறுத்து, மேலே ஆடை மாதிரி ஒரு படலம் கட்டியது. குழாய்த் தண்ணீரில் செம்பு நிறம். குடித்தால் கறுத்தது சப்பென்று இருந்தது, சிவந்ததில்தான் உயிர் இருந்தது. அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் எந்தத் தேயிலையும் கறுக்கும். தேசிக்காய் பிழிந்தால் எந்தக் கறுப்பும் பொன்னிறமாகும். அரை மணி நேரம் அடுப்பில் கொதிக்கவிட்டாலும் கறுக்கும். பிறகு எதை வைத்து “நல்ல சாயம்” என்கிறீர்கள்? உயர்நிலத் தேயிலையை வாங்கிக் கொடுத்தால் “சாயம் காணாது” என்று திருப்பித் தருகிற கடைக்காரர்கள் கல்முனை வரை இருக்கிறார்கள். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கிற கொழுந்துக்குத்தான் அந்தப் பேர்பெற்ற வாசம். மலையைத் தாண்டிக் காய்ந்து இறங்குகிற காற்றுத்தான் அதைக் கொடுக்கிறது. இங்கே நாம் கச்சான் என்று திட்டுகிற அதே காற்று. அந்தத் தேயிலையின் தேத்தண்ணி கறுப்பாக இருக்காது. கறுப்பாக இல்லையென்று அதை ஒதுக்குவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுப்பதில்லை.

ஆறினால் கலங்குகிற தேத்தண்ணியையும் ஊற்றிவிடுகிறார்கள். திடமான நல்ல தேயிலைதான் ஆறும்போது பால் கலந்ததுபோல் கலங்கும். அது பழுதில்லை.

சரி, ருசி பார்ப்பது எப்படி? மசாலாவை முதலில் மறந்துவிடுங்கள். வெறுந் தேயிலையை மட்டும் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் போட்டு, கொதித்த தண்ணீர் ஊற்றி, மூடி, 6 நிமிடம் விடுங்கள். ருசி பார்ப்பதற்கான சர்வதேசத் தரம் சொல்கிற கணக்கு இதுதான். வடித்த சக்கையை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். புதுச் செம்புக்காசு போலப் பளிச்சென்று இருக்க வேண்டும். கரி போல இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அப்புறம் ஒரு கரண்டி எடுத்து, சத்தமாக உறிஞ்சிக் குடியுங்கள். வெட்கப்பட வேண்டாம், வாய் முழுக்கத் தெறித்தால்தான் மூக்குக்கு வாசம் போகும். நாக்கின் இரண்டு பக்கமும் சுருக்கென்று பிடித்து, உடனே விட வேண்டும். பிடித்தது விடாமல் கசந்துகொண்டே இருந்தால் அது திடம் இல்லை, வெறும் துவர்ப்பு. வெற்றிலை போட்ட வாயோடும், வெங்காயம் சாப்பிட்ட வாயோடும் இந்த வேலைக்கு வராதீர்கள்.

வெறுந் தேயிலை தேறினால் மட்டும் மசாலா. இங்கே பலரும் மறைக்கத்தான் மசாலா போடுகிறார்கள், முக்கியமாகக் கராம்பு. பல்வலிக்குக் கராம்பெண்ணெய் வைத்தவர்களுக்குத் தெரியும், அது நாக்கை மரக்க வைக்கும். மரத்த நாக்குக்கு எந்தத் தேயிலையும் ஒன்றுதான். 100 கிராம் தேயிலைக்கு 3 கிராமைத் தாண்டினால் அது கராம்புக் கசாயம் என்பது என் கணக்கு. ஏலம் முதலில் வந்து முதலில் போய்விடும், அதனால் அரைத்து வைக்காமல் விற்கிற கிழமை இடியுங்கள். இஞ்சி தொண்டையில் பிந்தித்தான் தெரியும், ஒரு மிடறு குடித்து இருபது எண்ணிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். கறுவா நம் நாட்டுக் கறுவாவாக இருக்கட்டும்: மெல்லிய பட்டைகள் சுருட்டுப் போல அடுக்கடுக்காக இருக்கும், கையால் நொறுங்கும். தடித்த, ஒற்றைச் சுருள் பட்டை வேறு சாதி. அது நாக்கில் காரமாக நிற்கும்.

கடைசிப் பரிசோதனையை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். அரை மணி நேரம் ஆறவிட்டுக் குடியுங்கள். சூட்டில் எழும்பிய வாசமெல்லாம் அடங்கிய பிறகு அடியில் இருக்கிற தேயிலை தன் குணத்தைக் காட்டிவிடும். அந்த அம்மாவின் தேத்தண்ணி ஆறியதும் நனைந்த சாக்கின் மணம் வந்தது. அவரே முகத்தைச் சுளித்துக்கொண்டு கோப்பையை வைத்துவிட்டார்.

இன்னும் ஒன்று. தேயிலை பக்கத்தில் இருப்பதன் மணத்தை இழுத்துக்கொள்ளும். கருவாட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் தேயிலைச் சாக்கை வைத்திருக்கிற கடையில் வாங்காதீர்கள். ஈரம் போகாத இஞ்சியைக் கலக்கவே கலக்காதீர்கள். மார்கழி மழைக்கு இரண்டு கிழமையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மிச்சத்தை நல்ல தேயிலையோடு கலந்து தள்ளிவிடலாமா என்று அந்த அம்மா கேட்டார். கூடாது அம்மா, நல்லதும் கெடும் என்றேன். “அப்ப விலை கூடுமே மனே?” கூடும். பையை 50 கிராமாகப் போடுங்கள், வாங்குகிறவர்களுக்குக் கைக்கு அடக்கமாக இருக்கும், வாசம் போவதற்குள் முடிந்தும் விடும் என்று சொல்லி, திம்புளைத் தேயிலையில் கால் கிலோ நிறுத்துக் கொடுத்தேன். வருகிற சனிக்கிழமை புதுக் கலவையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.