சோயாவில் 'பெண் ஹார்மோன்' எங்கே இருக்கிறது?

கடலூர்ப் பக்கம் சர்க்கரை நோய் முகாம்களில் கொடுக்கிற துண்டுத் தாள்களில் சோயாவில் இருக்கும் ஃபைட்டோஈஸ்ட்ரோஜனைத் 'தாவரப் பெண் ஹார்மோன்' என்று போட்டுத் தள்ளுகிறார்கள். விளைவு, மஞ்சக்குப்பத்தில் என் சித்தப்பா குருமாவில் கிடக்கும் மீல் மேக்கரைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குகிறார். "ஆம்பள தின்னக் கூடாதாமே!"

ஃபைட்டோன் என்றால் கிரேக்கத்தில் செடி. ஈஸ்ட்ரோஜன் (பெண் உடம்பில் அதிகம் சுரக்கும் ஹார்மோன்) என்ற சொல்லுக்குள் இருப்பது மாட்டைக் கடித்து வெறிகொண்டு ஓடவைக்கும் ஈயின் பெயர். அந்த வெறிதான் பிறகு விலங்குகளின் சினைப்பருவத்தைக் குறித்தது. சோயாவில் இருப்பவை ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் போன்ற ஐசோஃப்ளேவோன்கள் என்ற தாவரப் பொருள்கள், இவைதான் அந்த ஃபைட்டோஈஸ்ட்ரோஜன். 1899இல் ஜெனிஸ்டீனைப் பிரித்தெடுத்ததே சோயாவிலிருந்து அல்ல, ஜெனிஸ்டா என்ற சாயச் செடியிலிருந்து.

சரி, இதில் பெண் எங்கே வந்தாள்? ஹார்மோன் என்பது உடம்பே சுரந்து ரத்தத்தில் அனுப்புவது. ஜெனிஸ்டீனோ, நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாவை வேருக்குக் கூப்பிடவும் பூஞ்சையை விரட்டவும் செடி வைத்திருக்கும் சரக்கு. உருவம் ஈஸ்ட்ரோஜனை ஒத்திருப்பதால் அதன் ஏற்பியில், அதாவது செல்லில் அது வந்து ஒட்டும் இடத்தில், இதுவும் போய் ஒட்டுகிறது, அதுவும் பலவீனமாக. இன்னும் சிலர் 'தாவர வளரூக்கி' என்கிறார்கள். அது ஆக்சின் வகையறா, செடியை வளர்ப்பது, இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஃபைட்டோஈஸ்ட்ரோஜனைத் தமிழில் சொல்ல என் கட்சி 'ஈஸ்ட்ரோஜன் போலி'. போலி டாக்டர் மாதிரி கேட்கிறதே என்று முகம் சுளிப்பார்கள். பள்ளியில் பந்தல் - பந்தர், அறம் - அறன் என்று கடைப்போலி படித்தவர்கள்தானே? ஒன்றின் இடத்தில் அதைப்போல இன்னொன்று வந்து நிற்பதுதான் போலி. பொருள் மாறாது என்பது மட்டும் இங்கே முழுசாகப் பொருந்தாது, போகட்டும். ஈஸ்ட்ரோஜனையும் தமிழாக்கு என்று யாராவது வருவார்கள். 'பெண்மை' என்று தொடங்கித்தானே இந்த வம்பே வந்தது.

மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்குவது இங்கே மட்டும் இல்லை. இந்தப் பொருள்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியைத் தடுப்பதும், இன்சுலின் பேச்சைச் செல்கள் கேட்க உதவுவதும் ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது. மனிதர்களிடம் பார்த்தால் சில ஆய்வுகளில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சிலவற்றில் அசையவே இல்லை. டெய்ட்ஸீனை ஈக்வால் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜன் போலியாக மாற்றும் பாக்டீரியா எல்லார் குடலிலும் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால்தான் மூலத்தில் 'உதவக்கூடும்' என்று அடக்கி எழுதுகிறார்கள். நம் தாளுக்கு வரும்போது அந்தக் 'கூடும்' காணாமல் போய் 'சர்க்கரையைக் குணமாக்கும்' என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது, அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.