பாட்டில் விளக்கில் வயர் நுழையும் ஓட்டை

காலி பாட்டிலில் விளக்கு செய்வது எனக்குப் பிடித்த வேலை. பச்சைக் கண்ணாடிக்குள் வெளிச்சம் நிறையும்போது, குப்பைக்குப் போக இருந்ததா இது என்று தோன்றும். நான் எலக்ட்ரீஷியன். வீட்டில் செய்த இத்தகைய விளக்குகள் பழுதாகி என்னிடம் வரும். பெரும்பாலும் குறை ஒரே இடத்தில்தான் இருக்கும்: வயர் உள்ளே நுழையும் ஓட்டையில்.

துளையிட்ட கண்ணாடியின் விளிம்பு கத்தி மாதிரி. விளக்கை நகர்த்தும்போதும் தூசி துடைக்கும்போதும் வயரின் உறை அதில் உரசிக்கொண்டே இருக்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. நாளாக ஆக உறை வெட்டுப்பட்டு உள்ளிருக்கும் செம்புக் கம்பி வெளியே வந்துவிடும். ஒருமுறை வந்த விளக்கை இரும்புத் தட்டின்மேல் பொருத்தியிருந்தார்கள். உறை கிழிந்த கம்பி அந்தத் தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. அவ்வளவு நாளும் அந்த விளக்கு இருந்தது ஒரு குழந்தை படிக்கும் மேசையில். இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

ஓட்டையின் விளிம்பை 120, 220, 400 நம்பர் என்று படிப்படியாக நைசான எமரி பேப்பரால், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அப்புறம் ஓட்டைக்குப் பொருந்தும் ரப்பர் வளையம் மாட்டி, அதன் வழியாகத்தான் வயரை விட வேண்டும். வயரை யாராவது இழுத்தாலும் ஹோல்டரின் திருகுகளில் இழுப்பு விழாதபடி உள்பக்கம் ஒரு முடிச்சு போட்டுவிடுங்கள். இன்னும் எளிய வழியும் உண்டு. ஹோல்டரைப் பாட்டிலின் வாயில் பொருத்தி, வயரை ஹோல்டரின் பக்கவாட்டிலேயே வெளியே எடுத்துவிட்டால் ஓட்டையே வேண்டாம். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

துளை போட்டே ஆக வேண்டுமா? சரி, டைமண்ட் பிட் (வைரத் துகள் பதித்த துளையிடும் முனை), மெதுவான வேகம், துளையிடும் இடத்தில் விடாமல் தண்ணீர். அழுத்தாதீர்கள். தண்ணீர் சூட்டைத் தணிக்கும், தூளும் பறக்காது. ஆனால் தண்ணீர் மெஷினுக்குள் போகக்கூடாது, அதனால் பேட்டரி டிரில் நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். நூலை எரிபொருளில் நனைத்துக் கொளுத்தி பாட்டிலை வெட்டும் முறையை வீட்டில் செய்யவே வேண்டாம். தீ ஒரு பக்கம் இருக்க, பாட்டில் நினைத்த கோட்டில் உடைவதும் இல்லை.

பாட்டிலுக்குள் குண்டு பல்பு போடாதீர்கள். அது இழுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சூடாகத்தான் போகிறது. சாதாரண பாட்டில் கண்ணாடி திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது. சூடாக இருக்கும்போது ஈரத்துணி பட்டாலே விரிசல் விடும். 3 வாட் எல்இடி போதும், அதற்கும் காற்றுப் போக வழி விடுங்கள். பல்பு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

பேட்டரியில் ஓடும் சீரியல் லைட்டில் ஷாக் பயம் இல்லை. ஆனால் கார்க்குக்குள் பட்டன் பேட்டரி வைத்தவை நிறைய வருகின்றன. அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். பேட்டரி மூடியைத் திருகு போட்டு இறுக்கியதை மட்டும் வாங்குங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.