மொத பார்ட்ல வலிச்சுது, ரெண்டாவது பார்ட்ல வலிக்கல

மதுரைல ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சில பதினாறு வருஷமா வேல பாக்குறேன். போன மாசம் சேந்தாப்ல ரெண்டு நாள் லீவு கெடச்சுச்சு, அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான், "மாமா, டை ஹார்டு இங்கிலீஷ் படம் மொத ரெண்டு பார்ட்டையும் பாத்துருவோம்"னு என்னையும் உக்கார வச்சுட்டான். மொத பார்ட் 1988ல ஜான் மெக்டியர்னன் எடுத்தது, ரெண்டாவது 1990, ரென்னி ஹார்லின். ரெண்டுலயும் போலீஸ்கார ஹீரோ புரூஸ் வில்லிஸ், ரெண்டுலயும் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, வில்லனுங்க வளைச்சுப் புடிக்கிறது மொதல்ல ஒரே ஒரு பில்டிங், அடுத்ததுல ஒரு முழு ஏர்போர்ட்டு. பாத்து முடிச்சதும் "ரெண்டாவதுதான் மாமா மாஸு"ன்னான். எனக்கு மொத படம்தான் ஒரு படி இல்ல, நாலு படி மேல. ஏன்னு எங்க வார்டுல இருந்துதான் சொல்லணும்.

மொத படத்துல ஹீரோ முழுக்க வெறுங்கால்தான். பிளைட்ல பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாருன்னு ஷூவக் கழட்டி கார்ப்பெட்ல நிக்கும்போதே துப்பாக்கிச் சத்தம் கேட்டுருது, அதுக்கப்புறம் ஷூ போடவே முடியல. வில்லன் அந்த வெறுங்காலப் பாத்து வச்சுக்கிட்டு கரெக்டான நேரத்துல "கண்ணாடியச் சுடு"ன்னு சொல்றான். அவ்வளவு கண்ணாடிச் சில்லு மேல ஓடித்தான் தப்பிக்கணும். அப்புறம் பாத்ரூம்ல உக்காந்து பாதத்துல இருந்து ஒரு துண்ட இழுப்பான் பாருங்க, அந்த சீன்ல அக்கா மகன் அவனுக்கே தெரியாம ரெண்டு காலையும் சோபா மேல தூக்கி மடக்கி வச்சுக்கிட்டான். நான் டிவியப் பாக்கல, அவன் காலத்தான் பாத்துட்டு இருந்தேன். படம் முடியுற வரைக்கும் ஹீரோ காலு சரியாகல, இழுத்து இழுத்துத்தான் நடக்குறான். பட்ட காயத்த அந்தப் படம் மறக்கவே இல்ல.

ரெண்டாவது பார்ட்ல காக்பிட்டுக்குள்ள கையெறி குண்டா வந்து விழுது, எஜெக்ஷன் சீட்ல பெல்ட்ட மாட்டி அப்படியே மேல பறந்துர்றான். அக்கா மகன் கை தட்டுனான். நெசத்துல அந்த சீட்டு ஆளத் தூக்கி எறியுற வேகத்துல முதுகெலும்பு நசுங்கி உடையுறதுண்டு, பயிற்சி எடுத்த பைலட்டுக்கே அது நடக்கும். அவ்வளவு கிட்ட குண்டு வெடிச்சா செவிப்பறை கிழியும், நுரையீரல்ல ரத்தம் கட்டும். இவன் எந்திரிச்சு அடுத்த சண்டைக்குப் போறான், கடைசில ஓடுற பிளேன் றெக்கை மேல இருந்து விழுந்துட்டும் லைட்டர எடுத்து பிளேன்ல இருந்து ஒழுகுன எரிபொருளப் பத்த வைக்கிறான். பெருசு பெருசா நடக்குது, ஆனா ஒண்ணும் ஒட்டல. ஒண்ணே ஒண்ணு ஒட்டுச்சு, அதையும் சொல்லிருறேன். எறங்க வர்ற ஒரு பிளேன எப்படியாச்சும் எச்சரிக்கணும்னு ரெண்டு கையிலயும் தீப்பந்தம் புடிச்சுக்கிட்டு பனிக்குள்ள ஓடுவான், முடியாது, கண்ணு முன்னாடி பிளேன் விழுந்து எரியும், ஒடஞ்சு அழுவான். அந்த அஞ்சு நிமிஷம் மொத படத்துக்குச் சமம்.

நம்ம ஊர்ல வெறுங்கால்னா சித்திரைத் திருவிழாதான். அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்க செருப்பில்லாம வர்ற சனம் எவ்வளவுன்னு மதுரைக்காரங்களுக்குத் தெரியும். திருவிழா முடிஞ்சா எங்களுக்குக் கால் காயமா வரும். அதுல நான் பயப்படுறது சுகர் உள்ளவங்களுக்குத்தான், பாதம் மரத்துப் போயிருக்கும், குத்துனதே தெரியாது. ஒருத்தரு ஒன்பது நாள் கழிச்சு வந்தாரு, அதுவும் வாடை அடிக்குதுன்னு மருமக சொல்லி. எக்ஸ்ரேல கண்ணாடி தெரியாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, பெரும்பாலும் தெரியும்ங்க, அவருக்கு நகம் அளவுக்கு ஒண்ணு தெரிஞ்சுச்சு. ரெண்டு விரல எடுக்க வேண்டியதாப் போச்சு. சுகர் உள்ளவங்க வீட்டுல யாராச்சும் இருந்தா ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி உள்ளங்கால ஒரு தடவ பாருங்க, தயவுசெஞ்சு.

இப்ப எங்க வார்டுக்கு வந்த ஒரு பையனப் பத்திச் சொல்றேன். மேலூர் பக்கம், பத்தொன்பது வயசு, காம்பவுண்டு சுவரு ஏறிக் குதிக்கும்போது மேல பதிச்சிருந்த பாட்டில் கண்ணாடி தொடைல ஏறிருச்சு. கூட இருந்த கூட்டாளிக செல்போன்ல எடுத்துட்டு இருக்க, இவன் கைய வச்சு ஒரே இழுப்பா இழுத்துட்டான். அதுவரைக்கும் கசிஞ்ச ரத்தம் அப்பத்தான் பீச்சி அடிச்சிருக்கு. யாரோ காபித்தூள அள்ளி அப்பி, பைக்ல நடுவுல உக்கார வச்சுக் கொண்டு வந்தாய்ங்க. வரும்போது ஒதடு வெளுத்து, வேர்த்து, பேச்சுக் கொழறுது. அவங்கம்மா, "படத்துல எல்லாம் புடுங்கிப் போட்டுட்டு ஓடுறாய்ங்களே சார், எம்புள்ளைக்கு மட்டும் ஏன் சார் இப்படி"ன்னு கேட்டாங்க. கோவிச்சுக் கேக்கல, நெசமாவே தெரியாமக் கேட்டாங்க.

அந்தக் கண்ணாடிதான்மா அடைப்பா இருந்துச்சு, தொட்டி ஓட்டைல சொருகுன கட்டைய உருவுனா தண்ணி நிக்குமான்னு கேட்டேன். கத்தியோ கம்பியோ கண்ணாடியோ, ஆழமா ஏறி நின்னா அங்கயே இருக்கட்டும், ரெண்டு பக்கமும் துணியச் சுருட்டி அண்டக் குடுத்து ஆடாமக் கட்டுங்க, நடக்க விடாதீங்க, 108 கூப்புடுங்க. ஏற்கனவே உருவிட்டாங்கன்னா சுத்தமான துணிய வச்சு உள்ளங்கையால நல்லா அழுத்துங்க, நின்னுருச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, துணி நனைஞ்சா அதுக்கு மேலயே இன்னொண்ணு. காபித்தூள், மஞ்சத்தூள் ஒண்ணும் வேணாம், அதக் கழுவி எடுக்குறதுக்குள்ள எங்களுக்கு நேரம் போயிருது. இதுல நம்ம அலங்காநல்லூர், பாலமேடு ஆளுக தெளிவு. மாடு குத்துன ஓட்டை வெளிய சின்னதா இருந்தாலும் கொம்பு உள்ள எம்புட்டுத் தூரம் போயிருக்கும்னு அவங்களுக்குத் தெரியும், வாடிவாசல்ல குத்துப்பட்டவனுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லி யாரும் வீட்டுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போகமாட்டாங்க.

பையனுக்கு ரத்தம் ஏத்தி, அழுத்திப் புடிச்சு ஒரு வழியா நிதானத்துக்குக் கொண்டு வந்தோம். அப்பத்தான் அவங்கம்மா முந்தானை முடிச்ச அவுத்து, "இதுதான் சார் குத்துனது"ன்னு பச்சைக் கண்ணாடித் துண்ட எடுத்துக் குடுத்தாங்க. எதுக்குக் கொண்டு வந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியல, ஆனா எங்களுக்கு அன்னைக்கு அதவிடப் பெரிய ஒத்தாசை இல்ல. வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தா நுனி இல்ல, ஒடஞ்ச எடம் புதுசா மினுங்குது. எக்ஸ்ரே எடுத்தோம். அந்த நுனி உள்ளதான் இருந்துச்சு, பெரிய ரத்தக் குழாய்க்கு ஒரு விரக்கடை பக்கத்துல.