வனவிலங்கு தாக்கினால் இழப்பீடு: முதல் நாள் காகிதத்தில்தான் இருக்கிறது விஷயம்

யானையோ சிறுத்தையோ காட்டெருமையோ தாக்கி ஒருவர் இறந்தால், தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு ரூ.10 லட்சம். தருவது வனத்துறை. காயம், கால்நடை, பயிர் சேதத்துக்கும் தனித்தனியே தொகை உண்டு. கூடலூர், வால்பாறைப் பக்கம் இது எல்லோருக்கும் தெரியும். கைக்கு வருவதற்குள் படும் பாடுதான் தெரியாது.

இறப்பு நடந்ததும் போலீசில் புகார் கொடுங்கள். பிரேதப் பரிசோதனையை மறுக்கவே மறுக்காதீர்கள். "உடம்பை அறுக்க வேண்டாம்" என்று சொந்தக்காரர்கள் அழுவார்கள். ஆனால் அந்த அறிக்கை இல்லையென்றால் விலங்குதான் கொன்றது என்பதற்கு ஆதாரமே கிடையாது. முதலில் கையில் தரும் ரூ.50,000 முன்பணம்தான். மீதியை வாங்க வாரிசு சான்றிதழ் வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். விஏஓ, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று ஃபைல் நகர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிடும்.

காயம் என்றால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் "கீழே விழுந்து அடி" என்று எழுதிவிட்டால் போச்சு, பிறகு திருத்த முடியாமல் அலைய வேண்டும். "யானை தள்ளியது" என்று எழுதியிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரை வைத்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

"காட்டுக்குள் ஏன் போனார்?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும், ஏதோ செத்தவர்தான் குற்றவாளி என்பதுபோல. 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தேன், நெல்லி போன்ற சிறுவனப் பொருள் சேகரிக்கும் உரிமை தந்திருக்கிறது. எதற்குப் போனார் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். "பட்டா இருக்கா?" என்றும் கேட்பார்கள். உயிரிழப்புக்கும் பட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை.

பயிருக்குத்தான் பட்டாவும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று விஏஓ எழுதும் அடங்கலும் கேட்பார்கள். கூடலூரில் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும், பட்டா இல்லாத நிலத்தில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சாய்ந்த வாழையை வனக்காப்பாளர் பார்க்கும்வரை அப்புறப்படுத்தாதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள். செத்த மாட்டையும் கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே புதையுங்கள். ஆத்திரத்தில், அதைத் தின்னத் திரும்பி வரும் விலங்கைக் கொல்ல அதில் விஷம் வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் பாயும்.

ரேஞ்சர் ஆபீசில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். "மேலே அனுப்பிட்டோம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். கூடவே ரூ.10 கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, ஃபைல் யார் மேஜையில், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.