டிங்கிப் படகும் அவுட்போர்டு இன்ஜினும்: பட்டறையில் காண்பவை

கடலோடும் உல்லாசப் படகுகளில் பெரிய படகுக்குக் கிடைக்கும் கவனம், கரைக்குப் போய்வர உதவும் காற்றடைத்த டிங்கிக்குக் கிடைப்பதில்லை. எங்கள் பட்டறைக்கு வரும், டிங்கியின் பின்புறத்தில் வெளியே மாட்டப்படும் அவுட்போர்டு இன்ஜின்களில் பெரும்பாலானவை ஓடித் தேய்ந்தவை அல்ல; உப்பாலும் பழைய பெட்ரோலாலும் கெட்டவை. ஆயினும் மூடியைத் திறப்பதற்கு முன் நான் பார்ப்பது கில் கார்டு எனப்படும் சிவப்புச் சுருள் கயிற்றைத்தான். ஓட்டுபவர் உடலோடு இணைக்கப்படும் அது, அவர் விழுந்தால் இழுபட்டு இன்ஜினை நிறுத்திவிடும். அது பல வேளைகளில் இருப்பதில்லை, அல்லது தொலைந்துவிடக் கூடாதென்று இன்ஜினிலேயே முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருக்கிறது!

2013 மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், பேட்ஸ்டோ ஊருக்கருகே கேமல் ஆற்றுமுகத்தில், விரைவுப் படகொன்றில் சென்ற குடும்பத்தினர் ஆறு பேரும் தண்ணீரில் தூக்கியெறியப்பட்டனர். கயிறு எவர் உடலோடும் இணைக்கப்பட்டிராததால் ஆளற்ற படகு வட்டமடித்து அவர்கள் மீதே ஏறியதில், தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தனர். சிறிய டிங்கியிலும் இதுவே நடக்கும். கைப்பிடியை விட்டதும் இன்ஜின் ஒருபக்கமாகத் திரும்பிக்கொள்ள, விழுந்தவரைச் சுற்றியே படகு வரும். எனவே கயிற்றைத் தொடையில் சுற்றி மாட்டுங்கள். அன்றாடம் முதல்முறை கிளப்பியதும் அதை இழுத்து இன்ஜின் நிற்கிறதா என்று பாருங்கள். ஓட்டுபவர் கயிற்றோடு விழுந்துவிட்டால் மற்றவர்கள் இன்ஜினை மீண்டும் கிளப்பி அவரை மீட்க வேண்டுமென்பதால், மாற்றுக் கயிறொன்றும் படகில் இருந்தாக வேண்டும்.

இன்ஜினைக் குளிர்விப்பது கடல்நீரே. ஓடத் தொடங்கியதும் பக்கத்துத் துளையிலிருந்து நீர்த்தாரை பீறிட வேண்டும். அது மெலிந்தால் முதலில் இன்ஜினை நிறுத்தித் துளையை நைலான் நரம்பால் குத்திப் பாருங்கள், உப்புக்கட்டிதான் அடைத்திருக்கும். அதிலும் சரியாகாவிட்டால் உள்ளே நீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். தண்ணீரின்றிச் சில விநாடிகள் ஓட்டினாலே அது கெட்டுவிடும் என்பதால், கரையில் வெறுமனே கிளப்பிக் காட்டும் பழக்கம் வேண்டாம். கடலில் ஓட்டிய பின் நன்னீர்த் தொட்டியில் சிறிது நேரம் ஓட்டுவது பட்டறைச் செலவைப் பெரிதும் குறைக்கும்.

சில வாரங்கள் பயன்படுத்தப் போவதில்லையெனில் பெட்ரோல் வரும் வழியை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்பரேட்டரில் எஞ்சியதையும் வடித்துவிடுங்கள். தேங்கிய பெட்ரோல் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கியர் ஆயிலைத் திறந்து பார்க்கும்போது அது பால் கலந்த தேநீர் போலிருந்தால் சீல் வழியாக நீர் புகுந்துவிட்டது என்று பொருள். புரொப்பெல்லரைக் கழற்றினால் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டு சீலை அறுத்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

டிங்கியின் காற்றடைத்த குழாய்களுக்கு எதிரி வெயில். நண்பகலில் காற்று விரிந்து தையலை இழுக்கும். குளிர்ந்த நீரில் இறக்கியதும் குழாய் தளர்ந்துபோகும். ஆகவே நீரிலிட்ட பின் மீண்டும் சரிபாருங்கள். பல டிங்கிகளின் பக்கக் குழாய்களுக்கு 0.25 பார் அழுத்தமே பரிந்துரைக்கப்படுகிறது. ஒட்டுப் போடுமுன் குழாயின் துணி பிவிசியா, ஹைபலான் என்னும் செயற்கை ரப்பரா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒன்றிற்கான பசை மற்றதில் நிற்காது.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினைப் படுக்க வைப்பதாயின் உறையில் குறித்துள்ள பக்கத்திலேயே வைக்க வேண்டும். மாறிக் கிடத்தினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.