பியர் ரிவ்யூ: உடன்பயில்வோர் மதிப்பாய்வு

‘பியர்’ என்பதன் வேர் லத்தீன் ‘பார்’, பொருள், சமம். பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து பிரபுக்களையும் குறித்தது, ஒத்த தகுதியினரையும் குறித்தது. ‘ரிவ்யூ’ என்றால் மீண்டும் பார்த்தல். அச்சேறுமுன் ஆய்வுக் கட்டுரையை அதே துறையினரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது பழைய வழக்கம்; அதுதான் பியர் ரிவ்யூ. லண்டனிலுள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 1830களிலேயே எழுத்துமூலம் அறிக்கை கேட்டது. ‘நேச்சர்’ அறிவியல் இதழ் இதைக் கட்டாயமாக்கியது 1973இல்தான்.

இதழ்களில் நடப்பது வடிகட்டல்: தகுதியானது மட்டும் அச்சேறும். கல்லூரியில் இதே பெயரில் நடப்பது வேறு: திருத்த இன்னும் நாள் இருக்கும் வரைவை மாணவர்களே படித்து ஒருவருக்கொருவர் கருத்து எழுதுவது. பள்ளியில் பேப்பரை மாற்றித் திருத்துவார்களே, அதுவும் அல்ல. அங்கே விடை முன்பே தெரியும், டிக் போட்டால் முடிந்தது.

ஆகவே இதழ்களுக்குத் ‘துறைவல்லுநர் மதிப்பாய்வு’, வகுப்புக்கு ‘உடன்பயில்வோர் மதிப்பாய்வு’ என்று பிரித்து வழங்கலாம். ‘சகமாணவர் மதிப்பாய்வு’ என்றாலும் சரி. ‘மதிப்பீடு’ மட்டும் வேண்டாம். கேட்டவுடன் மனம் இன்டர்னல் மார்க்குக்கு ஓடிவிடும்.

வேலூரில் ஒரு வகுப்புக்குப் பாலாறும் தோல் தொழிலும் பற்றிக் கட்டுரை கொடுத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு வரைவில், ‘குரோமியத்தால் கிணற்று நீர் உப்பாகிவிட்டது’ என்று இருக்கிறது. ‘நல்லா இருக்கு, எழுத்துப் பிழை பாருங்க’ என்று குறித்தால் யாருக்கும் பயனில்லை. ‘உப்பு, பச்சைத்தோலை ஊறவைத்து அலசும்போது வருவது, குரோமியம் பதனிடும்போது வருவது. ரெண்டும் ஒரே வரியில கலந்திருக்கு, பிரிச்சு எழுதுங்க’ என்பதுதான் மதிப்பாய்வு. இதை எழுத, எழுதுபவருக்கே பாடம் தெளிந்திருக்க வேண்டும். கருத்துப் பெறுபவரைவிடக் கொடுப்பவர் பல நேரம் அதிகம் கற்பது இதனால்தான்.

முதலில் ஆசிரியர் பழைய வரைவு ஒன்றை எடுத்து வகுப்போடு சேர்ந்து மதிப்பாய்ந்து காட்ட வேண்டும். பல இடங்களில் இந்தப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள். கேள்விகள் மூன்று போதும்: மையக் கருத்து எந்த வரியில்? எந்தக் கூற்றுக்கு ஆதாரம் இல்லை? படிக்கையில் எங்கே தடுக்கியது? ஒரு வரைவு இரண்டு மூன்று பேரிடம் போகட்டும், பெயருக்குப் பதில் எண்ணோடு. தட்டச்சு செய்ததாக இருக்க வேண்டும். கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மார்க் போடச் சொன்னால் கூட்டாளிக்கு அள்ளிப் போடுவார்கள். பொருளைத் தொடத் தயங்குபவர் எழுத்துப் பிழையில் ஒதுங்கிக்கொள்வார். ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின நாள் நடத்தினால் ஒருவரும் திருத்த மாட்டார். ஒரு வாரமாவது விட வேண்டும். மறுவரைவோடு, எந்தக் கருத்தை ஏற்றார், எதை ஏன் விட்டார் என்று அரைப் பக்கம் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் அந்த அரைப் பக்கத்துக்கும் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.